ஒரு கிடாருக்கு இரண்டு ஆம்ப்: எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள்

போன டிசம்பரில் கோத்தகிரியில் ஒரு சர்ச் ஹாலில் ஒத்திகை. ஒரே கிடாரை இரண்டு ஆம்ப்பில், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில், கொடுத்ததும் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது, வாசிப்பதை நிறுத்தியும் அது நிற்கவில்லை. கூட இருந்த தம்பி ஒருவன் ஒரு ஆம்ப்பின் பிளக்கிலிருந்த பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, கட்டிங் பிளேயரால் பிடுங்கிவிட்டான். சத்தம் பட்டென்று நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பாட்டுக்கு ஒரு ஆம்ப் போதும் என்று நல்ல பிளக் இருந்த ஆம்ப்பின் கேபிளை உருவிவிட்டு, மைக் பக்கம் குனிந்து பாடப்போனேன். உதடு மைக்கில் பட்டதும் சுரீரென்று ஷாக். இரண்டு நாள் உதடு மரத்துக் கிடந்தது.

கிடாரின் கம்பிகள் அவை உட்காரும் உலோகப் பாகமான பிரிட்ஜ் வழியாகக் கேபிளின் வெளி வலையோடும், அதிலிருந்து ஆம்ப்பின் உலோக உடம்போடும் சேர்ந்திருக்கின்றன. ஆம்ப்புக்குள் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுபோகும் ஒரே வழி அந்தப் பெரிய பின்தான். அது இல்லாவிட்டால் கசிவு கம்பிக்கு வரும், நம் கைக்கு வரும், மிக்சர் வழியாக எர்த் ஆகியிருக்கும் மைக்கில் வாய் பட்டால் உடம்பு வழியாகவே போகும். இரண்டு ஆம்ப்பும் இணைந்திருந்தவரை இன்னொன்றின் எர்த் என்னைக் காப்பாற்றியது, கேபிளை உருவியதும் அதுவும் போனது. 230 வோல்ட், உயிரே போயிருக்கலாம். எவ்வளவு இரைச்சல் வந்தாலும் சரி, அந்தப் பின்னில் கை வைக்காதீர்கள்.

அப்படியானால் இரைச்சலை என்ன செய்வது? இரண்டு ஆம்ப்புக்கும் தனித்தனி எர்த், நடுவில் கிடார் கேபிள், மூன்றும் சேர்ந்து ஒரு வளையம். அந்த வளையத்தில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் உம்ம் என்று கேட்கிறது. பழைய எஸ்டேட் பங்களாக்களிலும் ஹால்களிலும் ஒரு சுவரின் பாயின்ட்டுக்கும் எதிர்ச்சுவரின் பாயின்ட்டுக்கும் எர்த் ஒன்றுபோல இருக்காது, மண் குறைந்து பாறை இருக்கும் இடத்தில் எர்த் குழியே சரியாக வேலை செய்யாது. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு ஆம்ப்பையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகுங்கள், பாதி இரைச்சல் அங்கேயே குறையலாம். குளிருக்காக அதே பாக்ஸில் ரூம் ஹீட்டரையும் மாட்டிவிடாதீர்கள், 6 ஆம்பியர் பாயின்ட் தாங்காது. மிச்சத்துக்கு ஏபிஒய் பெட்டி, அதாவது ஒரு கிடாரை இரண்டு ஆம்ப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வாங்குங்கள்; அதில் ஒரு பக்கம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். கிடார் சிக்னல் காந்தப்புலம் வழியாகக் கடந்து போகும், வளையம் அறுந்துவிடும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். பணம் போடுவதானால் முதலில் இதில் போடுங்கள்.

ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் மலிவான ஒய் கேபிள் போதுமே என்று கேட்கிறார்கள். கிடார் ஒலி வரும், ஆனால் மேல் சுரங்களின் பளிச்சென்ற தன்மை மங்கும். ஆம்ப் இன்புட் பொதுவாக 1 மெகாஓம், இரண்டைச் சேர்த்தால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) பார்ப்பது 500 கிலோஓம், மூன்றைச் சேர்த்தால் 333தான். பிரிப்பதற்கு முன்னால் பஃபர் (இந்தச் சுமை பிக்கப் மேல் விழாமல் தாங்கும் சர்க்யூட்) உள்ள ஒரு பெடலை வைத்தால் சரியாகிவிடும்.

இன்னொரு தவறு காதுக்குத்தான் தெரியும். இரண்டு ஆம்ப்பும் சேர்ந்ததும் சத்தம் பெருகாமல், அடிக்கட்டை இல்லாமல் தகரம்போல ஒலித்தால், ஒன்றின் ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது என்று அர்த்தம். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் என்ற வால்வு ஆம்ப்பில் நார்மல் சேனலும் வைப்ரேட்டோ சேனலும்கூட இப்படி ஒன்றுக்கொன்று எதிராகத்தான் இருக்கும், ஏனென்றால் வைப்ரேட்டோ பக்கம் ஒரு வால்வு நிலை, அதாவது சிக்னலைப் பெருக்கித் தலைகீழாக்கும் ஒரு படி, கூடுதல். இரண்டு ஆம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு சத்தத்தில் தடித்த ஈ கம்பியை மட்டும் மீட்டுங்கள். ஏபிஒய் பெட்டியில் ஃபேஸ் சுவிட்ச் (ஒரு பக்கத்துச் சிக்னலைத் தலைகீழாக்குவது) இருந்தால் தட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் வயிற்றில் அதிர்கிறதோ அதுதான் சரி. சுவிட்ச் இல்லாவிட்டால் ஒரு ஆம்ப்பில் சேனலை மாற்றிச் செருகிப் பாருங்கள். இதற்காக வால்வு ஆம்ப்பைத் திறக்கவே கூடாது, அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.

தூரமும் இதே வேலையைச் செய்யும். மலைக்குளிரில் 10 டிகிரியில் ஒலி நொடிக்குச் சுமார் 337 மீட்டர் போகிறது, ஒரு ஆம்ப் 34 சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலே சுமார் ஒரு மில்லிசெகண்ட் தாமதம், அதற்கே 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேயும். கேட்பவர்கள் உட்காருமிடத்தில் நின்று கேட்டுவிட்டு ஆம்ப்பை நகர்த்துங்கள்.

ஒரு ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டை இன்னொன்றின் இன்புட்டில் கொடுக்காதீர்கள். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம்.

கடைசியாக டோன். இரண்டையும் ஒரே மாதிரி திருகி வைத்தால் கிடைப்பது கூடுதல் சத்தம் மட்டும்தான். ஒன்றைச் சுத்தமாக, நடுச் சுரங்கள் தூக்கலாக வையுங்கள். மற்றதில் டிஸ்டார்ஷன், ஆனால் தனியாக வாசிக்கும்போது வைப்பதைவிடக் குறைவாக. கார்டு அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும்.