ட்ரைக்குள் ட்ரை எழுதும்போது ஃபைனலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிழை வரக்கூடிய வரிகளைச் சுற்றி எழுதுவது ட்ரை, வந்த பிழையைப் பிடிப்பது கேட்ச், பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓட வேண்டியது ஃபைனலி. ஒரு ட்ரைக்குள் இன்னொரு ட்ரை, இரண்டுக்கும் தனித்தனி ஃபைனலி. இப்படி எழுதிய நிரல் விழும்போது, லாகில், அதாவது நிரலின் பதிவேட்டில், தெரிகிற பிழை பல சமயம் உண்மையில் நடந்த பிழையாகவே இருக்காது. மணிக்கணக்கில் தேட வைப்பது பெரும்பாலும் ஃபைனலிக்குள் இருக்கும் ஓரிரு வரிகள்தான். ஃபைனலியின் வேலை, திறந்ததை மூடுவது மட்டுமே. அதற்குமேல் அதனிடம் எதை ஒப்படைத்தாலும் சிக்கல்.

முதலில் வரிசையைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள் ட்ரையில் கிளம்பிய எக்செப்ஷனை (பிழை அறிவிப்பை) உள்ளே யாரும் பிடிக்கவில்லை என்றால், உள் ஃபைனலி ஓடி முடிந்த பிறகுதான் வெளி கேட்சுக்கு முறை வரும். எல்லோரும் படித்ததுதான், ஆனால் எழுதும்போது மறந்துபோகிறது.

ஜாவாவில் டேட்டாபேஸ் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள் ட்ரையில் கனெக்ஷனைத் திறந்து, ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே நிரந்தரமாக்குவதை) நிறுத்திவிட்டு, இரண்டு இன்சர்ட் செய்கிறோம். உள் ஃபைனலியில் குளோஸ். வெளி கேட்சில் ரோல்பேக், அதாவது செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுதல். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. இப்போது இரண்டாவது இன்சர்ட், அதே பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) ஏற்கெனவே இருப்பதால் தோற்கிறது. உள் ஃபைனலி கனெக்ஷனை மூடிவிடுகிறது. அப்புறம் வெளி கேட்ச், மூடிய கனெக்ஷன்மேல் ரோல்பேக்கைக் கூப்பிடுகிறது. அந்த ரோல்பேக்கே ஒரு எக்செப்ஷனை வீசுகிறது. லாகில் மிஞ்சுவது கனெக்ஷன் மூடியிருக்கிறது என்ற செய்தி மட்டும். பிரைமரி கீ பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

அதைவிட மோசம், முதல் இன்சர்ட்டின் கதி. கமிட்டும் ரோல்பேக்கும் செய்யாமல் கனெக்ஷனை மூடினால் என்ன ஆகும் என்பதை ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் முறை) விதிகள் டிரைவரின் (அந்த டேட்டாபேஸுக்கான இணைப்பு மென்பொருளின்) கையில் விட்டுவிட்டன. பாதி வேலை டேபிளில் நிரந்தரமாகப் பதிந்துவிடவும் கூடும். அதனால் கனெக்ஷனைத் திறந்த அதே அடுக்கிலேயே, குளோஸுக்கு முன்னால் ஓடும் கேட்சில் ரோல்பேக் இருக்க வேண்டும். அந்த ரோல்பேக்குக்கும் தனியாக ஒரு ட்ரை போட்டு, அது தோற்றாலும் மூலப் பிழையையே மேலே அனுப்புங்கள்.

ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதுவது அடுத்தது. ஜாவாவில் இது வந்துகொண்டிருக்கும் எக்செப்ஷனைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். வெளி கேட்சுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் நல்லபடி முடிந்ததுபோல நிரல் தொடரும். சுற்றி இருக்கும் லூப்பை விட்டு வெளியேறும் பிரேக்கும் இதையே செய்யும். சி ஷார்ப் இந்த ரிட்டர்னை கம்பைல் செய்யவே மறுக்கிறது. பைதான் 3.14 முதல் எச்சரிக்கை தருகிறது. மொழி அனுமதித்தாலும் எழுத வேண்டாம்.

ஃபைனலியிலிருந்தே எக்செப்ஷன் கிளம்பினாலும் பழைய பிழை மறைந்துபோகும். பைதான் 3 இரண்டையும் சேர்த்து டிரேஸ்பேக்கில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியலில்) காட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் மேலே போவது புதிய பிழை. உள்ளே வேல்யூஎரர் எழுந்து, ஃபைனலியில் ஓஎஸ்எரர் வந்துவிட்டால், வெளியே வேல்யூஎரருக்காகக் காத்திருக்கும் எக்செப்ட் (பைதானின் கேட்ச்) அதைப் பிடிக்காது.

ஒரே ஃபைனலியில் இரண்டு குளோஸை அடுத்தடுத்து எழுதினால், முதலாவது தோற்றதும் இரண்டாவது ஓடவே ஓடாது. லாக் (ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு; மேலே சொன்ன பதிவேடு அல்ல) எடுக்கும் வரியை ட்ரைக்குள் வைப்பதும் தவறு. லாக் கிடைக்காமல் பிழை வந்தால், எடுக்காத லாக்கை ஃபைனலி விடுவிக்கப் போய், ஜாவாவில் இல்லிகல்மானிட்டர்ஸ்டேட் எக்செப்ஷன் வந்து நிற்கும். லாக் வரி ட்ரைக்கு முந்தைய வரியாக இருக்கட்டும்.

இதில் பெரும்பகுதியை மொழியிடமே விட்டுவிடலாம். ஜாவா 7-இல் வந்த ட்ரை-வித்-ரிசோர்சஸ், திறந்த வரிசைக்கு நேர்மாறாக மூடுகிறது. மூடும்போது வரும் பிழையை மூலப் பிழையோடு சப்ரஸ்டு என்று இணைத்து வைக்கிறது. பைதானில் வித், சி ஷார்ப்பில் யூசிங் ஆகியவையும் திறந்ததைத் தாமாகவே மூடும். ஆனால் ஒன்று கவனம்: ட்ரை-வித்-ரிசோர்சஸில் அதன் சொந்த கேட்ச் ஓடுவதற்கு முன்பே ரிசோர்ஸ் மூடப்பட்டுவிடும். ஆகவே ரோல்பேக்குக்கு உள்ளே ஒரு ட்ரை அப்போதும் தேவை.

ஃபைனலி எப்போதும் ஓடும் என்றும் நம்பிவிடக் கூடாது. ஜாவாவில் சிஸ்டம்.எக்ஸிட் கூப்பிட்டால் காத்திருக்கும் ஃபைனலிகள் ஓடாது. பைதானின் சிஸ்.எக்ஸிட் ஒரு எக்செப்ஷனாகவே வருவதால் அங்கே ஓடும். பிராசஸை வலுக்கட்டாயமாகக் கொன்றாலோ மின்சாரம் போனாலோ எந்த மொழியிலும் ஓடாது. தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் வேலையை ஃபைனலியில் வைத்திருந்தால், நிரல் அடுத்த முறை தொடங்கும்போதும் மிச்சம் மீதி இருக்கிறதா என்று பார்த்து அழிக்க ஒரு வழி வைத்திருங்கள்.