கல்லாப்பெட்டி பக்கத்தில் கிடக்கும் போன்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஏழெட்டுக் கடைகளுக்கு நான்தான் கணினி, பில் மெஷின், வைஃபை எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, "எந்த ஆன்டிவைரஸ் நல்லது தம்பி?" ஆனால் நான் பார்த்தவரை இந்தக் கடைகளில் பணம் போனது கணினி வழியாக இல்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் கிடக்கும் போன் வழியாக, அதுவும் கூட்டம் நெருக்கும் நேரத்தில் "சரி சரி" என்று யாரோ தலையாட்டிய ஒரு நிமிஷத்தில்தான் போயிருக்கிறது. அதனால் போனிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போனிலிருந்து நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்பும் பேநவ் பணம் வந்துவிட்டதா என்பதை வாடிக்கையாளரின் போனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பூக்கடையில் பிரிண்டர் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 86 வெள்ளிக்கு மாலை வாங்கியவர், "அனுப்பிட்டேன் அக்கா" என்று திரையை நீட்டினார். தொகை சரி, கடைப் பெயரும் சரி. ஆனால் திரையின் மேல் மூலையில் மணி 2:17 என்று இருந்தது, சுவர்க் கடிகாரத்திலோ ஆறு தாண்டிவிட்டது. வேறொரு நாள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டியிருக்கிறார். அக்கா சத்தம் போடவில்லை, "இருங்க, என் போன்ல வரட்டும்" என்று மட்டும் சொன்னார். காரை எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை, மாலை மேசைமேல் அப்படியே கிடந்தது.

இதற்குச் செலவே இல்லாத ஏற்பாடு ஒன்று உண்டு. வங்கிச் செயலியில் பணம் வந்ததும் அறிவிப்பு வரும்படி வையுங்கள், எத்தனை வெள்ளிக்கு மேல் என்று கேட்டால் இருப்பதிலேயே குறைந்த தொகையைப் போடுங்கள். முதலாளி கடையில் இல்லாத நேரத்துக்கு, கணக்கைப் பார்க்க மட்டும் முடிகிற, பணம் அனுப்ப முடியாத ஒரு பயனர் கணக்கைக் கடைப் பையனுக்குத் தரமுடியுமா என்று வங்கியில் கேளுங்கள். உங்கள் சொந்தக் கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம், தங்கமான பையனாக இருந்தாலும்.

கியூஆர் ஸ்டிக்கர் இன்னொரு தலைவலி, உங்களுடையதன் மேல் தங்களுடையதை ஒட்டிப் பணத்தைத் தங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பாருங்கள், மேலே இன்னொன்று ஒட்டியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நீங்களே ஸ்கேன் செய்து, உங்கள் கடைப் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். கதவிலும் தூணிலும் உங்களுக்குத் தெரியாத ஸ்டிக்கர் எது இருந்தாலும் கிழித்துவிடுங்கள். 2023இல் இங்கே ஒரு பபிள் டீ கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்து, அது சொன்ன செயலியை இறக்கிய ஒரு பெண்மணி 20,000 வெள்ளியை இழந்தார்.

வாட்ஸ்அப்பை லேசாக நினைக்காதீர்கள், இன்று பாதிக் கடைகளுக்கு அதுதான் ஆர்டர் புத்தகம். கணினியில் வாட்ஸ்அப் வெப் திறக்க கூகுளில் தேடி, முதலில் வரும் போலித் தளத்தில் போய் ஸ்கேன் செய்து கணக்கைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. முகவரியை ஒருமுறை சரியாகத் தட்டிச் சேமித்து வையுங்கள். செட்டிங்ஸில் இரண்டு படிச் சரிபார்ப்புக்குப் போய் 6 இலக்க பின் போடுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ராணுவ முகாமிலிருந்தோ பள்ளியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி நூறு, நூற்றைம்பது பேருக்கு ஆர்டர் கொடுப்பார்கள், பேச்சு அவ்வளவு மரியாதையாக இருக்கும். அப்புறம்தான் விஷயம் வரும்: உங்களிடம் இல்லாத ஒரு பொருளை அவர்கள் சொல்லும் சப்ளையரிடம் நீங்களே வாங்கிவிடுங்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பில் போடுங்கள் என்பார்கள். அந்த சப்ளையரும் அவர்கள் ஆள்தான். பெரிய ஆர்டர் என்றால் முன்பணம் வாங்குங்கள், அந்த நிறுவனத்தின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள், அவர்கள் கொடுத்த எண்ணுக்கு இல்லை. உங்கள் நிஜ சப்ளையர் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் அனுப்பினாலும் இதே வழிதான்: பழைய எண்ணில் கூப்பிட்டுக் குரலைக் கேட்கும்வரை ஒரு வெள்ளிகூட நகரக் கூடாது.

மற்றவை சீக்கிரம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, பில் போடும் கணினி இன்னும் அதிலேயே இருந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். வாடிக்கையாளர் வைஃபையும் பில் மெஷின் வைஃபையும் ஒன்றாக இருக்கக் கூடாது. கணக்கு வழக்கை வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, வயரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் திருடர்கள் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். வேலையாட்களின் பர்மிட், அடையாள அட்டைப் படங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறதா? அழியுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சின்னக் கடைக்கும் பொருந்தும், தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமித்தே ஆகவேண்டும், அது முதலாளியாகவே இருக்கலாம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முதலில் வங்கிக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், அப்புறம் போலீஸ் புகார். மோசடியா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, எந்த நேரமும் பேசலாம். 2024 ஜூலையில் இங்குள்ள ஒரு நிறுவனம், சப்ளையரின் மின்னஞ்சல் முகவரியைச் சற்றே மாற்றி வந்த கடிதத்தை நம்பி 4 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் அனுப்பிவிட்டது. 19ஆம் தேதி அனுப்பி, 23ஆம் தேதி தெரிந்ததும் உடனே புகார் கொடுத்தார்கள். 25ஆம் தேதிக்குள் அதில் 3.9 கோடி டாலரை திமோர் லெஸ்தேயில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். உங்கள் வங்கியின் அவசர எண்ணை இன்றைக்கே ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டுங்கள். அந்த நேரத்தில் உங்கள் போன் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம்.