நகம் ராவ எந்த ஃபைல் வாங்குறது? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

போன தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை கோயிலுக்கு கெளம்புறப்ப அம்மாவோட பட்டுப்புடவை கட்டிருந்தேன், முந்தானைய சரி பண்ணும்போது சுண்டுவிரல் நகத்து ஓரத்துல இருந்த ஒரு சின்ன பிசிறு மாட்டி ஜரிகை நூல் ஒண்ண விரக்கடை நீளத்துக்கு இழுத்துடுச்சி. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு கோயில்ல இருந்த நேரம் பூரா அந்த நூல் மேலயே கண்ணு. முந்தின நாள் ராத்திரி அந்த நகத்த நகவெட்டி செட்டுல வந்த இரும்பு அரத்தாலதான் ராவுனேன், அதுவும் குளிச்சிட்டு வந்த ஈரத்தோட. ரெண்டுமே தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

நம்ம நகம் ரொட்டி சானாய், அதான் பரோட்டா மாதிரி, அடுக்கடுக்கா ஒட்டிருக்கும். கெரட்டின்ங்கிற புரதம்தான் அது. சொரசொரப்பான ஃபைல போட்டு இழுத்தா ஓரத்துல அந்த அடுக்குங்க பிரிஞ்சி உரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் எங்க பார்த்தாலும் மாட்டும். கைநகம் மாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும், ஒரு நகம் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் புதுசா வர சுமார் 6 மாசம் ஆயிடும், அதனால மொதல்லயே சரியான ஃபைல வாங்கிடுங்க.

வாங்க போறப்ப மொதல் வேலை, ஃபைல திருப்பி நம்பர பாருங்க. 80, 100, 180, 240னு போட்டிருக்கும், அத கிரிட்னு சொல்வாங்க. மரத்த தேய்க்கிற உப்புத்தாள்ல இருக்கிற அதே கணக்குதான், நம்பர் சின்னதா இருந்தா சொரசொரப்பு ஜாஸ்தி. 80, 100 எல்லாம் அக்ரிலிக்னு சொல்ற செயற்கை நகத்துக்கும் ஜெல் போட்ட நகத்துக்கும் உள்ளது, சொந்த நகத்துல வைக்கவே வேணாம். கெட்டியான நகமா இருந்து நீளத்த குறைக்கணும்னா 180 போதும். மெல்லிசா, வளைஞ்சி கொடுக்குற நகம்னா 240லேர்ந்து ஆரம்பிங்க, எனக்கு கேட்டா புதுசா பழகுற எல்லாருக்குமே 240தான் நல்லது, கொஞ்சம் மெதுவா தேயும், ஆனா கை தவறுனாலும் பெருசா கெட்டுப்போகாது. பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, கட்டு கட்டா விக்கிறாங்களே, அதுல நிறைய ஃபைல் ஒரு பக்கம் 100 இன்னொரு பக்கம் 180னு இருக்கும், வாங்கினா எந்தப் பக்கம் எதுன்னு பேனாவால குறிச்சி வச்சிக்குங்க. நம்பரே போடலன்னா உள்ளங்கையில லேசா இழுத்து பாருங்க, கீறுற மாதிரி இருந்தா வச்சிட்டு வந்துடுங்க.

அடுத்து எதுல செஞ்சதுன்னு பாக்கணும். அட்டையில தூள் ஒட்டுன எமரி போர்டு மலிவு, ஆனா தண்ணி பட்டா வீணாயிடும், தேஞ்சதும் தூக்கி போட்டுடணும். நடுவுல ஸ்பாஞ்ச் வச்சது கைக்கு மெத்துன்னு இருக்கும், நகத்து வளைவுக்கு தக்க வளையும். இரும்பு அரம் வேணாம். எனக்கு ரொம்ப பிடிச்சது கண்ணாடி ஃபைல்தான், கிரிஸ்டல் ஃபைல்னும் எழுதிருப்பாங்க, செக் நாட்டுல செய்யறது இதுக்கு பேர் போனது. நல்லதா இருந்தா சொரசொரப்பு அந்த கண்ணாடியிலயே இருக்கும், மேல ஒட்டினதா இருக்காது, அதனால சோப்பு போட்டு கழுவலாம், வருஷக்கணக்கா வரும். மலிவானதுல மேல தூள் பூசி மட்டும் வச்சிருப்பாங்க, கொஞ்ச நாள்ல நடுவுல வழுக்கையாயிடும். டைல்ஸ் தரையில விழுந்தா உடைஞ்சிடும், உறையோட வர்றதா பாத்து எடுங்க.

சரி, இப்ப ராவலாம். பாலிஷ மொதல்ல எடுத்துடுங்க, கை காஞ்சி இருக்கணும். குளிச்ச உடனே, பாத்திரம் கழுவுன உடனே வேணாம், நகம் தண்ணிய குடிச்சி ஊறி மெத்துன்னு இருக்கும், அந்த நேரத்துல தேச்சா கிழியும். ரொம்ப நீளமா இருந்தா நகவெட்டியால கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டு அப்புறம் ஃபைலுக்கு வாங்க.

என்ன ஷேப்புன்னு குழப்பமா இருந்தா நகத்து அடிப்பக்க வளைவ பாருங்க, அதே வளைவ நுனியில கொண்டு வந்தா கைக்கு பாந்தமா இருக்கும். அடிக்கடி உடையுற நகத்துக்கு குட்டையா உருண்டையா வச்சிக்கிறது நல்லது, கூரா பாதாம் ஷேப்புல வச்சா சீக்கிரம் உடைஞ்சிடும்.

ஃபைல நுனிக்கு கொஞ்சம் அடியில, லேசா சாய்ச்சி பிடிங்க. ஓரத்துலேர்ந்து நடுவுக்கு ஒரே இழுப்பு, தூக்கணும், மறுபடி ஓரத்துலேர்ந்து நடுவுக்கு. ரம்பம் அறுக்குற மாதிரி முன்னாடி பின்னாடி தேய்க்காதீங்க, கை தானா அப்படித்தான் போகும், பழகுற வரைக்கும் கவனிச்சி செய்ங்க. ஒரு பக்கம் நாலு இழுப்புன்னா மறுபக்கமும் நாலு, நடுவுல நிறுத்தி உள்ளங்கைய உங்க பக்கம் திருப்பி பாத்துக்குங்க, ஒரு பக்கம் ஏறி இருந்தா அப்பதான் தெரியும். ரெண்டு ஓரத்துலயும் நகம் சதைய விட்டு வெளிய வர்ற எடம் இருக்குல்ல, அங்க உள்ள போய் ராவாதீங்க, நகத்துக்கு பலமே அங்கதான், அத தேச்சீங்கன்னா அந்த எடத்துலயே ஒடியும்.

முடிச்சதும் நுனிக்கு அடியில வெள்ளையா தூள் தொங்கிட்டிருக்கும், ஃபைல நேரா நிமித்தி மேலேர்ந்து கீழ ஒரு தடவ லேசா இழுத்தா போயிடும். பஃபர் போட்டு மேல பளபளப்பு ஏத்துறத அடிக்கடி செய்யாதீங்க, நகம் மெலிஞ்சிடும். அப்புறம் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் எடுத்து நகத்த சுத்தி தேச்சி விடுங்க.

கண்ணாடி ஃபைல பழைய டூத்பிரஷ்ல சோப்பு போட்டு தேச்சி கழுவி காய வைங்க. காலுக்கு தனியா ஒண்ணு வச்சிக்கணும், கால்ல நகப்பூஞ்சை இருந்தா அதே ஃபைல் வழியா கைக்கும் வரலாம், அதனாலதான் அக்கா தங்கச்சியா இருந்தாலும் ஃபைல மாத்திக்க வேணாம்னு சொல்றேன்.

எல்லாம் ஆனதும் பழைய துப்பட்டா ஒண்ண எடுத்து பத்து விரலையும் அதுமேல மெதுவா இழுத்து பாருங்க. எங்கயாவது நூல் மாட்டுச்சின்னா அந்த விரலுக்கு மட்டும் இன்னும் ரெண்டு இழுப்பு போடுங்க. நான் இப்ப புடவை கட்டுறதுக்கு முன்னாடி இத செய்யாம இருக்கிறதில்ல.