ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்களா? முழு எண் தெரியாமல் கொடுப்பது எப்படி

வியாசர்பாடியில் வாடகைக்கு வீடு பார்த்தாலும் சரி, எம்.சி. ரோட்டில் துணிக்கடை வேலைக்குப் போனாலும் சரி, முதலில் கேட்பது ஆதார் ஜெராக்ஸைத்தான். நாமும் 12 இலக்கமும் தெரியக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுக்கத் தேவையில்லை. ஆதார் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 8ஏ பிரிவின்படி, ஆஃப்லைனில் (ஆதார் சர்வரோடு ஒப்பிடாமல்) அடையாளம் சரிபார்ப்பவர்கள் ஆதார் எண்ணை வாங்கவோ சேமித்து வைக்கவோ கூடாது.

அதற்கு வழி மாஸ்க்டு ஆதார். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும், செல்லுபடியாகும் ஆதார்தான்.

முதலில், ஆதாரில் பதிந்த செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆதார் ஆணையத்தின் 'மைஆதார்' (myAadhaar) இணையதளத்துக்குப் போங்கள். ஆதார் எண்ணையும் ஓடிபியையும் போட்டு உள்ளே நுழைந்து, 'டவுன்லோட் ஆதார்' பகுதியைத் திறங்கள். அங்கே மாஸ்க்டு ஆதார் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்ய மறந்தால் முழு எண்ணோடுதான் வரும். இறங்கும் பிடிஎஃப் கோப்பின் பாஸ்வேர்டு, உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் (பெரிய எழுத்தில்), அதோடு பிறந்த ஆண்டு.

பிரவுசிங் சென்டரில் எடுக்கிறீர்களா? பிரிண்ட் கிடைத்ததும் லாக் அவுட் செய்து, டவுன்லோட் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் கோப்பை அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நின்று அழியுங்கள். அப்புறம் அந்தத் தாளின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அரசு மானியம், பான் இணைப்பு போன்றவற்றுக்கு முழு எண் தேவைப்படும். அங்கே கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து, அதே தளத்தில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவுகளை) லாக் செய்யுங்கள். கைரேகையைத் திருடி வங்கிப் பணத்தை எடுப்பவர்களுக்கு இது நல்ல தடை. ஆனால் ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போங்கள். வரிசையில் நின்று திரும்பி வருவது வயதானவர்களுக்குப் பெரிய சிரமம்.

ஆதென்டிகேஷன் ஹிஸ்டரியையும் அவ்வப்போது பாருங்கள். கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதாரை எங்கே சரிபார்த்தார்கள் என்று காட்டும். தெரியாத பதிவு இருந்தால் ஆதார் உதவி எண் 1947-க்கு போன் செய்து புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். சரிபார்ப்புக்காக வாங்கிய விவரத்தை வேண்டுமென்றே அடுத்தவருக்குக் கொடுப்பவருக்கு, ஆதார் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவும் 2019 திருத்தம் வழி செய்திருக்கிறது.