டிராயிங்கில் புது மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் செய்யும் தவறுகள்

மெக்கானிக்கல் படிப்பு நான்கு வருடமும் தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்று ஓடிவிடும். டிசைன் வேலைக்குப் போனால் பெரும்பாலும் கையிலிருந்து வெளியே போவது டிராயிங்தான். முன்பின் தெரியாத ஒரு டர்னர் அதை மட்டும் பார்த்து பாகத்தைச் செய்ய வேண்டும்.

அடிக்கடி சொதப்புவது டாலரன்ஸில், அதாவது அளவு எவ்வளவு கூடிக் குறையலாம் என்ற வரம்பில். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா அளவுக்கும் ±0.01 மி.மீ. போட்டுவிடுவார்கள். லேத்தில் கடைந்து முடிக்க வேண்டிய பாகம் கிரைண்டிங் வரை போகும், விலை எகிறும். ஷாஃப்ட் (தண்டு) புஷ்ஷுக்குள் (அதைத் தாங்கும் உருளை உறை) சுழலும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ. அளவில் எச்7/ஜி6 ஃபிட் (துளைக்கும் ஷாஃப்டுக்கும் உரிய டாலரன்ஸ் குறியீடு) கொடுத்தால் துளை 25.000 முதல் 25.021 வரை, ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். இடைவெளி குறைந்தது 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதிகபட்சம் 41. இங்கே கறார் தேவைதான். அதே ஷாஃப்டில் எதோடும் சேராத முனைக்கு அரை மில்லிமீட்டர் தாராளமாக விடலாம். எந்த முகம் எதோடு உட்காருகிறது என்று பார்த்த பிறகுதான் எண்ணையே எழுத வேண்டும்.

அடுத்து மூலைகள். கம்ப்யூட்டரில் பாக்கெட்டின் (பாகத்தில் குடையும் பள்ளம்) உள்மூலையைக் கூர்மையாக வரைந்துவிடலாம். பள்ளம் குடையும் மில்லிங் கட்டர் சுழலும் உருளை, 10 மி.மீ. கட்டர் 5 மி.மீ. ஆரத்தை விட்டுத்தான் போகும். ஷாஃப்டில் விட்டம் மாறும் படியிலும் கூர்மூலை கூடாது. அழுத்தம் அங்கே குவியும், சுழலச் சுழல விரிசல் விடும். 1954-இல் காமெட் என்ற வகைப் பயணிகள் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்தன. விசாரணையில் தெரிந்த காரணம், உடற்பகுதித் திறப்புகளின் மூலையருகே தொடங்கும் உலோகச் சோர்வு.

நீளமான ஷாஃப்டின் இரண்டு பேரிங்கையும் அசையாமல் பூட்டுவது இன்னொன்று. ஒரு மீட்டர் ஸ்டீல் 50 டிகிரி சூடேறினால் சுமார் 0.6 மி.மீ. நீளும். ஒரு பக்கமாவது நகர இடம் வேண்டும்.

எம்8 மரைக்கு 8 மி.மீ. துளை என்று எழுதுபவர்களும் உண்டு. 6.8 மி.மீ. துளை போட்டுத்தான் டேப் (உள்ளே மரை வெட்டும் கருவி) அடிப்பார்கள். அப்புறம், போல்ட் இருக்கும், ஸ்பேனர் நுழையாது!

புரொஜெக்‌ஷன் குறியையும் (பாகத்தின் எந்தப் பக்கத் தோற்றம் தாளில் எங்கே வரும் என்று சொல்வது) விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் ஃபர்ஸ்ட் ஆங்கிள், அமெரிக்க டிராயிங்கில் தேர்ட் ஆங்கிள். குறி இல்லையென்றால் இடது வலதாகிப் பாகம் வந்து நிற்கும். அதற்குக் காசு யார் தருவது என்ற சண்டை தனி.