பதவி உயர்வு: சாவிக் கொத்தைக் கையில் வாங்கும் முன்

கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வரும் பஸ்ஸில் சென்ற வாரம் ஒரு தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணாச்சி, இனி ஸ்டோர் முழுக்க என் பொறுப்பு" என்று சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் குலுக்கினான். "பதவி உயர்வு ஆர்டர் கொடுத்தார்களா?" என்றேன். "அதெல்லாம் பிறகு வரும்." எரிச்சலாக வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதையே சொன்னவன் நான். நேரத்துக்கு வருவது, பணிவாகப் பேசுவது பற்றியெல்லாம் எல்லாரும் சொல்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். பதவி உயர்வு விஷயத்தில் நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வாய்ச்சொல்லை உத்தரவாக நம்புவது

அப்போது நான் ஒரு நிறுவனத்தின் ஸ்டோரில் உதவியாளர். பொறுப்பாளர் ஓய்வு பெற்ற அன்று மாலை மேலாளர் கூப்பிட்டு, '3' என்று பொறித்த தகர வில்லை தொங்கும் சாவிக் கொத்தைக் கையில் வைத்தார். "இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்." மறுநாள் ஒரு கிலோ அல்வா வாங்கிப் போய் எல்லாருக்கும் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டு, நான்கு மாதம். சரக்கு வரவு, இருப்புக் கணக்கு, தணிக்கை எல்லாம் என் தலையில். சம்பளச் சீட்டில் மட்டும் 'உதவியாளர்'. பிறகு மதுரையிலிருந்து ஒருவர் அந்தப் பதவிக்கு நியமன ஆணையோடு வந்து இறங்கினார். எந்த அலமாரியில் எந்த பேரிங் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்ததும் நானே. கேட்டதற்கு, "உங்களை நியமித்ததாகக் கோப்பில் ஒன்றும் இல்லையே" என்றார்கள். கொடுமை என்னவென்றால், அது உண்மை.

நட்டம் அதோடு நிற்கவில்லை. அனுபவச் சான்றிதழிலும் 'உதவியாளர்' என்றே எழுதினார்கள். பணிக்கொடையை (கிராஜுவிட்டி) வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்று, கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். வைப்பு நிதிக்கான (பி.எஃப்.) 12 சதவீதமும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி மீதுதான். ஆகவே ஆணை வந்தாலும் சந்தோஷத்தில் மடித்து வைத்துவிடாதீர்கள். உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் ஏறியிருக்கிறதா, வேறு ஏதோ ஒரு படியில் (அலவன்ஸில்) தள்ளிவிட்டார்களா என்று பாருங்கள்.

சாவியை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிய அன்று இரவே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல்: "இன்று தாங்கள் கூறியபடி ஸ்டோர் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். பதவிப் பெயரும் ஊதியமும் எந்தத் தேதியிலிருந்து மாறும் என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." பதில் இல்லையென்றால், ஒரு மாதம் கழித்து அதன் மேலேயே ஒரு நினைவூட்டல்.

ஏப்ரலில் போய்க் கேட்பது

நிதியாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தொடங்குகிறது. சம்பளத்துக்கான தொகையைப் பெரும்பாலும் அதற்கு முன்பே ஒதுக்கி முடித்திருப்பார்கள். பொங்கல் கழிந்த கையோடு கேளுங்கள்.

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வது

முன்பணம் கிடைக்கும். பதவி கிடைக்காது.

இல்லாத வேலையைக் காட்டி மிரட்டுவது

வேண்டாம்.

'தப்பாக நினைப்பாரோ' என்று தயங்குவது

தாழையூத்து தாண்டியதும் அந்தத் தம்பியும் இதைத்தான் கேட்டான். தச்சநல்லூர் வருவதற்குள் செல்போனில் இரண்டு வரியையும் தட்டி முடித்தோம். அனுப்பாமல் ஜங்ஷன் வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான். பஸ் நின்று, பின்னால் இருந்தவர்கள் முதுகில் இடித்தபோதுதான் பொத்தானை அழுத்தினான்.