எப்சிலான்–டெல்டா நிறுவல்: அந்த டெல்டா எங்கிருந்து வருகிறது?

பி.எஸ்சி. கணிதத்தில் ரியல் அனாலிசிஸ் படித்தவர்களுக்கு இந்த வரி பழக்கமாக இருக்கும்: "1, எப்சிலான்/5 இரண்டில் சிறியதை டெல்டா என்க." கைடைத் திறந்தால் நிறுவலே அப்படித்தான் தொடங்கும். 5 எப்படி வந்தது, 1 எதற்கு என்று ஒரு வார்த்தை இருக்காது. ஒரு செமஸ்டர் முழுக்க நான் அதை மனப்பாடம் செய்துதான் எழுதினேன். தேர்வில் எண்ணை மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிட்டது. அந்த விடுமுறையில் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

கணக்கு இது: எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸ்²-இன் எல்லை 4 என நிறுவுக. அதாவது, எக்ஸை 2-க்குப் போதிய அளவு அருகே வைத்தால் எக்ஸ்²-ஐ 4-க்கு எவ்வளவு வேண்டுமானாலும் அருகே கொண்டுவரலாம் என்று காட்ட வேண்டும்.

படி 1: யார் எதைத் தருகிறார்கள்?

சதுரத் தகடு வெட்ட ஆர்டர் வருகிறது. பக்கம் 2 செ.மீ., பரப்பு 4 ச.செ.மீ. பரப்பு 4-லிருந்து எவ்வளவு விலகலாம் என்ற டாலரன்ஸை வாடிக்கையாளர் சொல்வார். அதுதான் எப்சிலான். அதற்குப் பக்கத்தை எவ்வளவு துல்லியமாக வெட்ட வேண்டும் என்பதை நாம் சொல்ல வேண்டும். அது டெல்டா. அவர் எவ்வளவு சிறிய எப்சிலான் கேட்டாலும் நம்மிடம் ஒரு டெல்டா இருக்க வேண்டும். தாளில் எழுதினால்:

0 < |எக்ஸ் − 2| < டெல்டா எனில், |எக்ஸ்² − 4| < எப்சிலான்.

படி 2: ரஃப் தாளில் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

வேண்டியது |எக்ஸ்² − 4| சிறியதாக இருப்பது. காரணிப்படுத்தினால்:

|எக்ஸ்² − 4| = |எக்ஸ் − 2| × |எக்ஸ் + 2|

முதல் காரணி நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, டெல்டாவை விடச் சிறியது. இரண்டாவதுதான் தொல்லை.

படி 3: நான் மாட்டிக்கொண்ட இடம்

இந்த இடத்தில் நான் எழுதியது: டெல்டா = எப்சிலான் / |எக்ஸ் + 2|. பெருக்கிப் பார்த்தால் சரியாகத்தான் வரும். ஆனால் மதிப்பெண் பூஜ்யம். ஏன் என்று பல மாதங்கள் எனக்குப் புரியவில்லை.

பட்டறையில் இதை யோசித்துப் பாருங்கள். தகட்டை எவ்வளவு துல்லியமாக வெட்டுவீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். "வெட்டி முடித்த பிறகு பக்கத்தை அளந்து சொல்கிறேன்" என்றால் அவர் ஒப்புக்கொள்வாரா? எக்ஸ் என்பது வெட்டி முடித்த பக்கம். டெல்டா அதற்கு முன்பே சொல்லப்பட வேண்டியது. ஆகவே டெல்டாவுக்கான சூத்திரத்தில் எப்சிலான் வரலாம், எக்ஸ் வரவே கூடாது.

அப்படியென்றால் |எக்ஸ் + 2|-ஐ என்ன செய்வது? அதன் சரியான மதிப்பு நமக்குத் தேவையில்லை, "இதைத் தாண்டாது" என்று ஒரு எண் கிடைத்தால் போதும். முதலில் ஒரு வாக்குக் கொடுத்துவிடுவோம்: என்ன ஆனாலும் பக்கம் 2-லிருந்து 1 செ.மீ. கூட விலகாது. அப்படியானால் எக்ஸ் 1-க்கும் 3-க்கும் நடுவில், எக்ஸ் + 2 என்பது 3-க்கும் 5-க்கும் நடுவில். அந்த 5 இதுதான். இப்போது:

|எக்ஸ்² − 4| < 5 × |எக்ஸ் − 2|

இது எப்சிலானைத் தாண்டாமலிருக்க |எக்ஸ் − 2| < எப்சிலான்/5 என்றால் போதும். ஆக நாம் கொடுத்த வாக்கு இரண்டு: 1-க்குள், எப்சிலான்/5-க்குள். இரண்டையும் காப்பாற்ற, சிறியதை எடுக்கிறோம்.

படி 4: நல்ல தாளில் எழுதுவது

ரஃபில் கடைசியாகக் கிடைத்ததை இங்கே முதல் வரியாக எழுதி, முன்னோக்கி வாருங்கள். கைடில் அச்சாவது இந்தத் தாள் மட்டும்தான். ரஃப் தாளை யாரும் காட்டுவதில்லை. வகுப்பெடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: கரும்பலகையில் அதையும் போடுங்கள்.

படி 5: எண் போட்டுப் பாருங்கள்

எப்சிலான் 0.1 என்றால் டெல்டா 0.02. எக்ஸ் 2.019 என்று வையுங்கள்: வர்க்கம் 4.076361, விலகல் 0.1-க்குள். சரி. இப்போது எப்சிலான் 100. அந்த 1-ஐ விட்டுவிட்டால் டெல்டா 20 ஆகிவிடும். எக்ஸ் 21-ஐ அது அனுமதிக்கும், வர்க்கம் 441, விலகல் 437! 1 எதற்கு என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த தெளிவான பதில் இந்த ஒரு எண்தான்.

கருவிகளைப் பற்றிக் கேட்டால், முதல் பத்துக் கணக்குக்குக் கோடு போடாத தாளும் சாதாரண கால்குலேட்டரும் போதும் என்பேன். ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் ஸ்லைடர் வைத்து டெல்டாவை நகர்த்திப் பார்ப்பது அழகுதான், ஆனால் அங்கே டெல்டாவைக் கண்ணால் கண்டுபிடித்துவிடுவோம், அசமன்பாடு கைக்கு வராது. அதனால் அதை அப்புறம் திறங்கள்.

இது உடனே புரியவில்லையே என்று வருந்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நியூட்டனும் லைப்னிட்சும் கால்குலஸை உருவாக்கியது 17-ஆம் நூற்றாண்டில். 1821-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி எழுதிய பாடநூலில்கூட எல்லைக்கான வரையறை பெரும்பாலும் சொற்களில்தான் இருந்தது. இன்று நாம் எழுதும் வடிவம் ஜெர்மானியக் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸின் பெர்லின் வகுப்புகள் வழியாகத்தான் நிலைபெற்றது.

பின்சேர்க்கை 1: "1-க்குப் பதில் 1/2 எடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. எக்ஸ் + 2 அப்போது 4.5-க்குள் இருக்கும், 1/2, எப்சிலான்/4.5 இரண்டில் சிறியது டெல்டா. விடை ஒன்றே ஒன்றுதான் என்ற பயம் வேண்டாம்.

பின்சேர்க்கை 2: ஒரு தங்கை 1/எக்ஸ் கணக்கை அனுப்பியிருந்தார்: எக்ஸ் 1/2-ஐ நெருங்க, எல்லை 2. வழக்கம்போல 1 என்று எடுத்ததில் மாட்டிக்கொண்டார். மேலே இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. 1/2-லிருந்து 1 வரை விலகலாம் என்றால் எக்ஸ் பூஜ்யத்தைத் தொட்டுவிடும், 1/எக்ஸ் எந்த எண்ணுக்குள்ளும் அடங்காது. ஆகவே 1/4 எடுங்கள். எக்ஸ் 1/4-ஐ விடப் பெரியதாகவே இருக்கும். |1/எக்ஸ் − 2| = 2 × |எக்ஸ் − 1/2| / |எக்ஸ்|, இது 8 × |எக்ஸ் − 1/2|-ஐ விடச் சிறியது. 1/4, எப்சிலான்/8 இரண்டில் சிறியது டெல்டா.